வருவார், பேசுவார், போவார்

'தாத்தா தினமும் சாயங்காலம் ஆத்தங்கரைக்குப் போவார்.' தாத்தா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கலாம். வினைமுற்று என்னவோ எதிர்காலம். கேட்கிற யாரும் குழம்புவதில்லை. தமிழின் எதிர்காலம் எந்தக் காலத்து வழக்கத்தையும் சொல்லும் என்பதை 1856இல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும் எழுதியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு 'யூஸ்ட் டு', 'வுட்' என்று இரண்டு. 'வுட்' மூத்தது. அது 'வில்' என்பதன் இறந்தகாலம். பழைய ஆங்கிலத்தில் 'வில்'லுக்கு 'விரும்பு' என்று பொருள். ஒருவன் விரும்பி விரும்பிச் செய்வது வழக்கமாகிவிடும்தானே? அந்த வினையே பிற்பாடு எதிர்காலத்துக்கும் போனது. ஆக, எதிர்காலமும் பழைய வழக்கமும் ஒரே வினையில் ஒண்டிக்கொள்வது நம் ஊர் விநோதம் மட்டுமில்லை.

'யூஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் லத்தீன். பயன்படுத்து என்பதோடு பழகிக்கொள் என்ற பொருளும் அதற்கு இருந்தது. ஒரு காலத்தில் அதற்கு நிகழ்காலமும் உண்டு. 1602இல் மேடையேறிய 'ட்வெல்த் நைட்' நாடகத்தில், நூற்கும் பெண்கள் ஒரு பழைய பாட்டைப் பாடுவது வழக்கம் என்று சொல்ல ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லை நிகழ்காலத்தில்தான் வைக்கிறார். சாதாரண நிகழ்கால வினையே அந்த வேலையைச் செய்துவிடுவதால் அது மெல்ல உதிர்ந்தது. இறந்தகாலம் மட்டும் மிஞ்சி, 'டு'வோடு ஒட்டி உறைந்துபோனது. உச்சரிப்பும் மாறியது. 'பயன்படுத்தினான்' என்னும்போது அதிர்ந்து ஒலிக்கிற எழுத்து, 'யூஸ்ட் டு'வில் காற்றாகிவிடும். (தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ஸ'தான். என்ன செய்ய!)

நாம் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'வாசல்ல ஒரு புளியமரம் இருக்கும்' என்று பழைய வீட்டைப் பற்றிச் சொல்லலாம். அதை அப்படியே 'வுட்' போட்டுச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். திரும்பத் திரும்ப நடக்கும் செயலுக்குத்தான் 'வுட்'. சும்மா நின்ற மரத்துக்கு 'யூஸ்ட் டு' வேண்டும்.

எதிர்த்திசையில் சிக்கல் இன்னும் பெரிது. மொழிபெயர்ப்புகளில் 'நடப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்' என்று பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். 'நடப்பார்' போதுமே! ஆனால் 'யூஸ்ட் டு'வுக்குள் 'இப்போது இல்லை' என்ற சேதியும் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. 'நடப்பார்' அதைச் சொல்வதில்லை. 'ஹி யூஸ்ட் டு லவ் மீ' என்று ஒருத்தி சொல்கிறாள். 'காதலிப்பான்' என்று போட்டால் இனிமேல்தான் காதலிக்கப் போகிறான் என்றாகிவிடும். 'காதலிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தான்' என்றால் சிரிப்பார்கள். 'காதலிச்சிட்டு இருந்தான்' கொஞ்சம் கிட்டே வருகிறது. 'ஒரு காலத்துல எம்மேல பிரியமாத்தான் இருந்தான்' என்பதில் அந்த 'தான்' ஒன்றுதான் ஏறக்குறைய முழு வலியையும் தூக்கிக்கொண்டு வருகிறது.