இடுப்புப் பட்டிக்குத் துணி போதவில்லை

இந்த முறையாவது கணக்கு இல்லாமல் ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சரி என்று தையலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் பேரேடு பார்த்த கை சும்மா இருக்குமா? இதிலும் கணக்கு வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பழைய சுங்குடிச் சேலை நடுவில் கிழிந்தது. நல்லதாக இருந்த பகுதியை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து நம் கேட்டுக்கு எதிரே இருக்கும் தையல்காரர் கூப்பிட்டார். "அம்மா, சுருக்கத்துக்கே துணி சரியாப் போச்சு. இடுப்புப் பட்டிக்கு இல்ல. வேற துணியில போட்டுடவா?" பக்கத்தில் நின்ற பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது. "ஒட்டுப் போட்டதா பாட்டி? யாராவது பார்த்தா?"

அந்தக் கேள்வியைத்தான் இரண்டு வாரமாக மனதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். துணி போதாமல் போவது வரலாற்றில் புதிதல்ல. ஒரு முறை ஒரு நாட்டுக்கே போதாமல் போயிருக்கிறது. அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த நாடு பிரிட்டன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆலைகள் ராணுவச் சீருடைக்கும் கூடாரத்துக்கும் பாராசூட்டுக்கும் துணி நெய்தன. பஞ்சும் கம்பளியும் கப்பலில் வரவேண்டும். கப்பல்களோ கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. துணிக்கும் இனி ரேஷன் என்று அரசு அறிவித்தது. முன்கூட்டியே சொன்னால் கடைகள் ஒரே நாளில் காலியாகிவிடும் என்று கடைசி வரை ரகசியமாக வைத்திருந்தார்கள். புதுக் கூப்பன் புத்தகம் அச்சடித்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் அல்லவா? அதனால் மக்களிடம் ஏற்கெனவே இருந்த உணவு ரேஷன் புத்தகத்தில், மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய்க்கான உபரிக் கூப்பன்களையே முதலில் துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

முதல் ஆண்டுக்குத் தலைக்கு 66 கூப்பன். பிறகு அது குறைக்கப்பட்டது. பெண்களின் ஆயத்தக் கம்பளி உடை ஒன்றுக்கு 11 கூப்பன். துணியாக வாங்கினால் 36 அங்குல அகலக் கம்பளித் துணி கஜத்துக்கு 3, மற்ற துணி கஜத்துக்கு 2. பணமும் கொடுக்க வேண்டும், கூப்பனும் கொடுக்க வேண்டும். பணம் எவ்வளவு இருந்தாலும் கூப்பன் இல்லாவிட்டால் கடையில் துணி கிடையாது.

இதில் எங்கள் வங்கிக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கடைக்காரர்கள் தாங்கள் வசூலித்த கூப்பன்களை வங்கியில் செலுத்தினார்கள். வங்கி அவர்கள் பெயரில் கூப்பன் கணக்கு வைத்தது. மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது அந்தக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாற்றினார்கள். வரவு, பற்று, இருப்பு எல்லாம் உண்டு. ரூபாய்க்குப் பதில் சட்டையும் பாவாடையும். நம்மைப் போன்ற ஒரு கிளார்க் லண்டனில் உட்கார்ந்து அதைக் கூட்டிக் கழித்திருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பிரியமும் வருகிறது.

1942-இல் கட்டுப்பாடு தையல் மெஷினுக்கே வந்துவிட்டது. ஓர் உடையில் இரண்டு பாக்கெட்டுக்கு மேல் கூடாது, ஐந்து பொத்தானுக்கு மேல் கூடாது. பாவாடைப் பகுதியில் ஆறு தையல் இணைப்புதான். கத்தி மடிப்பு என்றால் நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆண்களின் கால்சட்டை நுனியில் மடித்துவிடும் மடிப்புக்கும் தடை. ஆண்கள்தான் அதிகம் புலம்பினார்கள். சிலர் வேண்டுமென்றே நீளமான கால்சட்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள்.

எலாஸ்டிக் போட்டுச் சமாளிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் இல்லை. 1942-இன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அங்கிருந்து ரப்பர் வரத்து நின்றுபோனது. அந்தத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களில் நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்கள் பட்டது பெரும் துயரம். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே சொல்ல வந்தது, லண்டனில் ஒரு பெண்ணின் இடுப்பு எலாஸ்டிக்குக்கும் மலாயாவில் நம்மவர் கைக்கத்திக்கும் இருந்த தொடர்பு.

ஆக, பட்டி போட்டே தீரவேண்டும், துணியோ இல்லை. என்ன செய்தார்கள்? 1943-இல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் பழையதைச் சரிசெய்து புதிதாக்குவது எப்படி என்று ஒரு கையேடே வெளியிட்டது. ஊர் ஊராகத் தையல் வகுப்புகள் நடந்தன. போருக்குப் போன கணவரின் கோட்டையும் கால்சட்டையையும் பிரித்துப் பெண்கள் தங்களுக்குப் பாவாடை தைத்துக்கொண்டார்கள். கால்சட்டையைப் பிரித்தால் நீளநீளமான குறுகிய துண்டுகள்தான் கிடைக்கும். அதில் எங்கே சிக்கனம் பிடிப்பது என்பது தையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்: இடுப்பில். மேல்சட்டை வந்து மூடும் இடம் அது.

கணக்கைப் பாருங்கள். 28 அங்குல இடுப்பு. கொக்கி மாட்ட ஒன்றரை அங்குலம், இரு முனைத் தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்தால் பட்டியின் நீளம் முப்பதரை அங்குலம். தைத்து முடித்த அகலம் ஒன்றரை அங்குலம் என்றால், மடித்துத் தைப்பதால் அதன் இரட்டிப்பு மூன்று, தையலுக்கு ஒன்று, மொத்தம் நான்கு அங்குலம். இதைக் குறைக்க மூன்று வழி உண்டு.

முதல் வழி, வெளிப்பக்கம் மட்டும் நல்ல துணி, உள்பக்கம் வேறு துணி. அப்போது நல்ல துணியில் இரண்டரை அங்குல அகலம் போதும். உள்துணி மெல்லியதாகவும் அழுத்தமாகவும் இருந்தால் பட்டி தடிக்காது.

இரண்டாவது வழி, ஒட்டுப் போடுவது. நீளமாக ஒரே துண்டு இல்லையென்றால் இரண்டு அல்லது மூன்று துண்டாக இணைக்கலாம். இணைப்பு பாவாடையின் பக்கத் தையலுக்கு நேராகவோ பின்பக்க நடுவிலோ வரவேண்டும். அங்கே ஏற்கெனவே தையல் இருப்பதால் கண்ணுக்கு உறுத்தாது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் அங்குலம் செலவாகும், அதை மறக்கக் கூடாது. இணைத்த தையலை இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இடுப்பில் குத்தும். முடிந்தவரை துண்டுகளைப் பாவு நூல் ஓடும் நீளவாட்டில் வெட்டுங்கள். ஊடை நூல் ஓடும் குறுக்குவாட்டில் வெட்டினால் நாளடைவில் பட்டி இழுபடும். குறுக்காக வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உள்ளே ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைத்துவிட்டால் போதும்.

மூன்றாவது வழி, வெளியே பட்டியே இல்லாமல் விடுவது. பாவாடையின் மேல் விளிம்பில் கெட்டியான நாடாவை வைத்துத் தைத்து உள்ளே மடித்துவிடலாம். நல்ல துணியில் அரை அங்குலம் தையலுக்குப் போதும். ஆனால் ஜவுளிக்கடை நாடா முதல் துவைப்பில் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகுதான் தைக்க வேண்டும்.

இதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் எதிர்வீட்டுக்காரி பட்டியிலும் ஒட்டு, அடுத்த வீட்டுக்காரி பட்டியிலும் ஒட்டு. 1947-இல் இளவரசி எலிசபெத்தின் கல்யாண உடைக்கே கூப்பன் தேவைப்பட்டது. மக்கள் பாசத்தில் தங்கள் கூப்பன்களை அனுப்பிவைத்தார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் சமமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பணக்காரர் அலமாரியில் பழைய நல்ல துணி நிறைய இருந்தது; கள்ளச்சந்தையும் இருந்தது. ஆனாலும் பற்றாக்குறை எல்லோர் பேரிலும் எழுதப்பட்டிருந்தது. அதனால் ஒட்டைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. 1949 மார்ச்சில் ரேஷன் முடியும் வரை அப்படித்தான்.

அதே போர் இங்கேயும் துணியைத் தின்றது. நம் ஆலைகளும் ராணுவத்துக்கு நெய்தன, வெளிநாட்டுத் துணி வருவது நின்றது. ஆனால் முதலில் இங்கே கூப்பன் வரவில்லை, விலைதான் ஏறியது. பொருளாதாரப் பாடத்தில் படித்ததுதான்: கூப்பன் பங்கு போடாவிட்டால் விலை பங்கு போடும். இருப்பவனுக்குத் துணி, இல்லாதவனுக்கு ஒட்டு. 1943 ஜூனில்தான் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலைத் துணியில் விலையை முத்திரை குத்தினார்கள். அப்போது என் அம்மாவுக்குப் பதினொரு வயது. துணிக்கடை வாசலில் வரிசையில் நின்று வெறும் கையோடு திரும்பியதை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு சாண் துணியைக்கூட அவர் எறிந்ததில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா ஒரு பச்சைப் பாவாடை தைத்துக் கொடுத்தார். பட்டியில் மூன்று ஒட்டு, அதில் ஒன்று வேறு பச்சை. பள்ளியில் டிரில் வகுப்பில் கையைத் தூக்கியபோது சட்டை மேலே ஏறியது. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பாவாடையை மூலையில் எறிந்து, "இனிமேல் இதைக் கட்டமாட்டேன்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் பாவாடை திரும்பி வந்தது. பட்டி முழுக்க ஒரே பச்சை. எப்படி என்று நான் கேட்கவில்லை, கட்டிக்கொண்டு போய்விட்டேன். அடுத்த வருடம் நான் வளர்ந்ததும் கீழ் மடிப்பைப் பிரித்து நீளம் இறக்கலாம் என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. கீழே உள்மடிப்பு முழுக்க ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணி. அங்கிருந்த பச்சையை வெட்டித்தான் இடுப்பில் வைத்திருந்தார்.

தையல் தெரியாதவர்களுக்கு வங்கி மொழியில் சொல்கிறேன். வளரும் பெண்ணின் பாவாடையில் கீழ் மடிப்புதான் வைப்பு நிதி. அம்மா என் ஒரு நாள் அவமானத்துக்காக அதை முதிர்வுக்கு முன்பே உடைத்துவிட்டார். அந்தப் பாவாடை எனக்கு ஒரு வருடம் முன்னதாகவே குட்டையாகிப்போனது. அடுத்த பாவாடைக்கான காசை அவர் எதில் மிச்சம் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை.

பேத்தியின் பாவாடைக்கு வருகிறேன். தையல்காரரிடமிருந்து அதை வாங்கிவந்து நானே பட்டி வைத்தேன். சேலையின் கரைத்துண்டில் மூன்று ஒட்டு, உள்ளே என் பழைய ரவிக்கைத் துணி. "ஒட்டு எங்கே இருக்கு, கண்டுபிடி" என்று கொடுத்தேன். இரண்டைக் கண்டுபிடித்தாள். மூன்றாவதை நானே காட்டினேன். ஒட்டை மறைப்பதற்காகப் பக்கத் தையலுக்கு நேராக வைக்கவில்லை கண்ணே, அங்கேதான் உறுதியாக இருக்கும் என்றேன். பாதி பொய்தான். நவராத்திரிக்குக் கட்டிக்கொள்கிறேன் என்றிருக்கிறாள், பார்க்கலாம்.

நம் அடுக்குமாடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். தையலில் மிஞ்சிய துண்டுகள் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு பையில் கிடக்கும். சங்க அலுவலகத்தில் அலமாரியின் கீழ்த்தட்டை இதற்காக ஒதுக்கித் தர செயலாளர் சம்மதித்திருக்கிறார். துவைத்து மடித்துக் கொண்டுவந்து வையுங்கள். வேண்டியதை எடுத்துப் போங்கள். கூப்பன் வேண்டாம். பட்டி வைக்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அங்கே வந்தால் சொல்லித்தருகிறேன். வரவு செலவுப் பேரேடும் நானே வைத்துக்கொள்கிறேன். பழக்கதோஷம்.