ஏழு வாக்குகள் எங்கே போயின?

கையெழுத்து விழுமா, விழாதா?

போன வாரம் இந்தக் கேள்வியோடுதான் உங்களைக் காக்க வைத்துவிட்டுப் போனேன். பதிலைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. வாருங்கள், நேராக வாஷிங்டனுக்கே போய்விடுவோம்.

1971 டிசம்பர். அதிபர் நிக்சனின் மேசைக்கு ஒரு மசோதா வந்து சேர்ந்திருக்கிறது. செனட் சபையில் 63 பேர் ஆதரவு, 17 பேர் மட்டுமே எதிர்ப்பு. கீழ்ச்சபையிலும் இழுபறிக்குப் பிறகு தேறிவிட்டது. இனி ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அந்தக் கையெழுத்து விழுந்தால் என்ன ஆகும்? ஊர் ஊராகக் குழந்தைகள் மையங்கள் வரும். சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, விளையாட்டு, பாடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இலவசம். நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு வருமானத்துக்கு ஏற்ற கட்டணம். மையத்தை நடத்தும் குழுவில் பெற்றோருக்கும் இடம் உண்டு. இதற்கென ஆண்டுக்கு 200 கோடி டாலர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் போர்ட்லாண்ட் நகரை நினைத்துப் பாருங்கள். கைசர் கப்பல் தளத்தின் வாசலிலேயே குழந்தைகள் மையம். வெல்டிங் வேலை முடிந்து வரும் தாய், ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் மையத்திலேயே சமைத்துக் கட்டிக் கொடுத்த இரவு உணவையும் வாங்கிக்கொண்டு வீடு போனாள். போர் முடிந்தது, பணம் நின்றது, மையங்கள் மூடப்பட்டன. அன்று கைவிட்டதைத் தேசம் முழுவதற்கும் திருப்பித் தர வந்த மசோதா இது.

நிக்சன் இதை எதிர்ப்பார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் பலர் நம்பியிருக்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது. பதவிக்கு வந்த புதிதில், 1969-லேயே, குழந்தையின் முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தேசமே பொறுப்பேற்க வேண்டும் என்று பேசியவர் அவர். அதற்கென ஒரு தனி அலுவலகத்தையே திறந்தார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து எட்வர்ட் ஜிக்லர் என்ற உளவியல் பேராசிரியரைக் கூட்டிவந்து தலைமையில் உட்கார வைத்தார். ஜிக்லரின் மேலதிகாரி, அமைச்சர் எலியட் ரிச்சர்ட்சன், கொள்கை அளவில் மசோதாவுக்குப் பச்சைக்கொடி காட்டியிருந்தார்.

பிறகு எங்கே முடிச்சு விழுந்தது?

அதைப் புரிந்துகொள்ள ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரியன் ரைட் எடெல்மன். அப்போது அவருக்கு 32 வயது. மிசிசிப்பி மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட முதல் கறுப்பினப் பெண். தொழிற்சங்கங்கள், மாதர் அமைப்புகள், தேவாலயங்கள் என்று ஒன்றோடொன்று ஒட்டாத கூட்டத்தையெல்லாம் இந்த மசோதாவுக்காக ஓரணியில் நிறுத்தியவர் இவர்தான்.

மிசிசிப்பியில் நடந்ததை எடெல்மன் கண்ணால் பார்த்தவர். ஏழைக் குழந்தைகளுக்கான மத்திய அரசின் 'ஹெட் ஸ்டார்ட்' திட்டம் தொடங்கியபோது அங்கே கறுப்பினத் தாய்மார்கள் தேவாலயக் கூடங்களில் தாங்களே பால்வாடி நடத்தினார்கள். அதுவரை வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்கள் ஆசிரியை ஆனார்கள், சம்பளம் வாங்கினார்கள். மாநிலத்தின் பெரிய தலைகளுக்கு அது பொறுக்கவில்லை. செனட்டர் ஸ்டென்னிஸ் பாய்ந்தார். பணம் நிறுத்தப்பட்டது.

அந்தத் தாய்மார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1966 பிப்ரவரியில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்கே வந்துவிட்டார்கள். கீழ்ச்சபைக் கல்விக் குழுவின் விசாரணை அறையில் படங்களை மாட்டினார்கள். குழந்தைகளை உட்கார வைத்துப் பாட வைத்தார்கள். உறுப்பினர்கள் கண்ணெதிரிலேயே அந்த அறை பால்வாடி ஆனது. போன பணம் திரும்பி வந்தது.

எடெல்மன் அதிலிருந்து கற்றது ஒரே பாடம். பணத்தை மாநில அரசின் கையில் கொடுத்தால் கறுப்பினக் குழந்தைக்கு அது போய்ச் சேராது.

அதனால் அவர் ஒரு விதியில் பிடிவாதமாக நின்றார். சின்ன ஊர்கூட மாநிலத்தின் தயவு இல்லாமல், நேராக மத்திய அரசிடமே பணம் வாங்கி மையம் நடத்தலாம். இரு சபைகளும் கூடிப் பேசி எழுதிய இறுதி வடிவத்தில் 5,000 பேர் வாழும் ஊருக்கே அந்த உரிமை கிடைத்தது. செனட்டர் வால்டர் மாண்டேலும் கீழ்ச்சபையின் ஜான் பிராடெமாஸும் மசோதாவைக் கரைசேர்க்க இந்த விதியை ஏற்றுக்கொண்டார்கள்.

நிர்வாகத் தரப்பு பதறியது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஊர்களோடு தனித்தனியாகக் கணக்கு வழக்கு பார்ப்பது எப்படி? மாநிலங்களையும் பெரிய நகரங்களையும் வைத்து நடத்தினால் போதாதா? அதுவரை கூட நின்ற சில குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் இந்த இடத்தில்தான் விலகினார்கள்.

மிசிசிப்பிக் குழந்தையைக் காக்கக் கட்டிய அந்த விதியே, மசோதாவை வீழ்த்த வந்தவர்களுக்கு முதல் ஆயுதத்தைக் கொடுத்தது. என்னால் எடெல்மனைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த விதி இல்லாத மசோதா நிறைவேறியிருந்தால், யாருக்காக அவர் போராடினாரோ அவர்களே வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

இப்போது வெள்ளை மாளிகைக்குள் வருவோம்.

அந்த வாரம் நிக்சன் என்ன செய்துகொண்டிருந்தார்? நம் பக்கத்து வாசகர்களுக்கு இதை நினைவூட்டவே வேண்டாம். வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தது. நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸிங்கரும் 'என்டர்பிரைஸ்' போர்க்கப்பலை வங்கக் கடல் நோக்கி ஏவிய அதே நாட்களில்தான் குழந்தைகள் மசோதாவின் தலையெழுத்தும் முடிவானது.

நிக்சனுக்கு வேறொரு தலைவலியும் இருந்தது. சீனாவுக்குப் போகிறேன் என்று அந்த ஜூலையில் அறிவித்தார். ஆகஸ்டில் கூலிக்கும் விலைக்கும் கட்டுப்பாடு போட்டார். கம்யூனிச எதிர்ப்பையே முதலாக வைத்து வளர்ந்தவர் மாசேதுங்கைச் சந்திக்கப் போவதா? சொந்தக் கட்சியின் வலதுசாரிகள் கொதித்தார்கள். ஆதரவை நிறுத்தி வைக்கிறோம் என்று சிலர் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு தேர்தல்.

கோபத்தில் இருப்பவர்களுக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும்.

அவர்கள் எதைக் கேட்டார்கள்? பத்திரிகைகளைப் புரட்டினாலே தெரிந்தது. ஜேம்ஸ் கில்பாட்ரிக் போன்ற பத்தி எழுத்தாளர்கள் இந்த மசோதா அமெரிக்கப் பிள்ளைகளை சோவியத் பிள்ளைகளாக்கிவிடும் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மாளிகைக்குள்ளும் அதே எண்ணத்தோடு ஒருவர் இருந்தார்.

பேட் புக்கானன். 33 வயது. நிக்சனின் உரை எழுத்தாளர். வாஷிங்டனிலேயே கத்தோலிக்கப் பள்ளியில் படித்து வளர்ந்தவர். சோவியத் நாட்டுக்குப் போயிருந்தபோது அங்கே நாலைந்து வயதுப் பிள்ளைகள் லெனின் தத்துவத்தை ஒப்பித்ததைப் பார்த்தார். தான் சின்ன வயதில் ஞானோபதேசம் ஒப்பித்த மாதிரியே அவர்கள் ஒப்பித்தார்கள் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தக் காட்சி அவரை விடவே இல்லை.

அவர் அஞ்சியது உண்மையான அச்சம்தான். நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாஸ்கோவில் பார்த்ததை அவர் மிசிசிப்பியின் தேவாலயக் கூடத்தின் மேல் ஏற்றிப் பார்த்தார். அங்கே குழந்தைகளை அரசு பிடுங்கிக்கொள்ளவில்லை. பெற்ற தாய்களே நடத்தினார்கள்.

டிசம்பர் 9, வியாழக்கிழமை.

செனட் சபைக்கு அதிபரின் செய்தி வந்தது.

மறுப்பு.

வெறும் மறுப்பாக இருந்திருந்தால் பரவாயில்லை. அதிபர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது அங்கே புதிதல்ல. செலவு அதிகம் என்பார், திருத்தி எழுதுவார்கள், அடுத்த ஆண்டு மறுபடி வரும். இந்தச் செய்தியிலும் அப்படிப்பட்ட காரணங்கள் இருந்தன. பணம் அதிகம். நடைமுறைக்கு ஒத்துவராது. மாநிலங்களுக்கு இடமில்லை. மசோதாவோடு சேர்ந்து வந்த சட்ட உதவித் திட்டத்தின் மேலும் புகார்கள். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லலாம், பேரம் பேசலாம்.

ஆனால் செய்தியின் கடைசிப் பகுதியில் குரல் மாறியது.

அந்த நாடாளுமன்றத்தில் வந்ததிலேயே மிகத் தீவிரமான மசோதா இது என்றது. குடும்பத்தை இது பலவீனப்படுத்தும் என்றது. குழந்தையைக் குடும்பம் வளர்ப்பதா, கூட்டாக வளர்ப்பதா என்ற கேள்வியில், அரசின் மொத்த தார்மிக பலத்தையும் கூட்டு வளர்ப்பின் பக்கம் நிறுத்த முடியாது என்றது.

அது புக்கானனின் பேனா. மசோதாவோடு சேர்த்து அந்த எண்ணத்தையே கொன்றுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டு ஆண்டு உழைப்பு. முதல் ஐந்து வயது என்று பேசிய அதே அதிபரின் பெயரில், அந்த ஐந்து வயதுக்கு எதிராக ஒரு சாசனம்.

ஆனாலும் கதை முடியவில்லை. இன்னொரு கதவு திறந்திருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அதிபரின் மறுப்பையும் மீறிச் சட்டமாக்கலாம். எட்டு நாளுக்கு முன்புதான் 63 பேர் ஆதரித்திருந்தார்கள். அவர்கள் அப்படியே நின்றால் போதும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செனட் கூடியது. பெயர் பெயராக வாக்கெடுப்பு.

வாக்களித்தவர்கள் 87 பேர். தேவை 58.

விழுந்தது 51. எதிர்ப்பு 36.

ஏழு வாக்குகள் குறைந்தன.

எங்கே போயின அந்த ஏழு? சிலர் சபைக்கே வரவில்லை. சிலர் பக்கம் மாறினார்கள். முந்தைய வாரம் அது குழந்தைகளுக்கான ஒரு மசோதா. அதற்குக் கை தூக்குவது எளிது. இந்த வாரம் அதன் நெற்றியில் குடும்பத்தைக் கெடுக்கும் சட்டம் என்று எழுதப்பட்டுவிட்டது. எழுதியது சொந்தக் கட்சியின் அதிபர். அடுத்த ஆண்டு அவர் பெயரைச் சொல்லித்தான் வாக்கு கேட்க வேண்டும். குடியரசுக் கட்சி செனட்டர்களில் எத்தனை பேருக்கு அவரை மீறி நிற்கத் துணிவு வரும்?

அதே டிசம்பர் 10-ஆம் தேதி இன்னொரு காரியமும் நடந்தது. இதைக் கவனமாகப் படியுங்கள்.

நிக்சன் அன்று ஒரு வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் செய்யும் செலவில் மாதம் 400 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். உதவித்தொகை வாங்கும் ஏழைத் தாய்மார்களை வேலைக்கு அனுப்பி, அவர்கள் குழந்தைகளைக் காப்பகத்தில் விடுவதற்கு 75 கோடி டாலர் கேட்ட இன்னொரு மசோதாவையும் அவருடைய அரசு தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

காப்பகம் குடும்பத்தைக் கெடுக்கும் என்றால் இவை எப்படிச் சரியாகும்? வரி கட்டும் வீட்டுக்குச் சலுகை. உதவித்தொகை வாங்கும் தாய்க்குக் கட்டாயம். இரண்டு வீட்டுப் பிள்ளையும் ஒரே மையத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது மட்டும் ஆபத்து!

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று அமெரிக்கா 200 கோடி டாலரை மிச்சம் பிடித்ததைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. பணமில்லை என்று மறுத்திருந்தால் பணம் வந்ததும் கதவு திறந்திருக்கும். குடும்பத்துக்குக் கேடு என்று மறுத்ததால், அதன் பிறகு அந்தக் கதவைத் தட்டப் போனவர்கள் எல்லாரும் முதலில் தாங்கள் குடும்பத்தின் எதிரிகள் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான அப்படியொரு சட்டம் அந்த நாட்டில் அதன்பின் நிறைவேறவே இல்லை.

ஜிக்லர் 1972-ல் யேலுக்குத் திரும்பிப் போனார். எடெல்மன் போகவில்லை. 1973-ல் குழந்தைகளின் உரிமைக்கென்றே ஒரு தனி அமைப்பைத் தொடங்கினார்.

மாண்டேல்? அவரும் விடுகிறவர் இல்லை. நிக்சன் வாட்டர்கேட் ஊழலில் சிக்கிப் பதவி விலகிய காலகட்டத்தில், பிராடெமாஸோடு சேர்ந்து புதிய மசோதாவை எடுத்துவந்தார். இந்த முறை குடும்பம் என்ற சொல்லையே தலைப்பில் வைத்தார்கள். இனி யார் குறை சொல்ல முடியும் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் ஒரு துண்டுப் பிரசுரம் கிளம்பியது.

எழுதியவர் பெயர் இல்லை. அச்சிட்டவர் முகவரி இல்லை. ஊர் ஊராக, தேவாலயம் தேவாலயமாக அது கைமாறியது. பெற்றோரின் உரிமையை அரசு பறிக்கப் போகிறது என்றது. பிள்ளைகள் இனி பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றது. அதில் சொன்னது எதுவும் மசோதாவில் இல்லை. ஆனால் மாண்டேலின் அலுவலகத்துக்குக் கோபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியத் தொடங்கின.

பெயரில்லாத ஒரு தாளை எதிர்த்து ஒரு செனட்டர் எப்படிப் போராடுவார்?

அடுத்த வாரம் சொல்கிறேன். அதுவரை ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருப் பால்வாடி யாருடைய பணத்தில், யாருடைய கையெழுத்தில் நடக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.