மக்கள் கருத்தின் அகமும் புறமும்: பிரிட்டனில் கவிஞர் தொடங்கிய ஓர் இயக்கம்

மக்கள் கருத்து என்னும் தொடர் அரசியல் மேடையிலும் நாளிதழ்த் தலையங்கத்திலும் அன்றாடம் ஆளப்படுகிறது. அக்கருத்து எங்கே உறைகிறது, அதனைக் கேட்டறிந்தவர் யார் என்னும் வினாக்கள் மட்டும் அரிதாகவே எழுகின்றன. பிரிட்டனில் 1936ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வினாக்களை எழுப்பியவர் அரசியலறிஞர் அல்லர். சார்லஸ் மேட்ஜ் என்னும் இளங்கவிஞர் ஆவார்.

அவ்வாண்டில் மன்னர் எட்டாம் எட்வர்டு, மணமுறிவு பெறவிருந்த அமெரிக்கப் பெண்மணி சிம்ப்சனை மணக்க விரும்பினார். அமெரிக்க ஏடுகள் மாதக்கணக்கில் அதனை எழுதின. பிரிட்டிஷ் நாளிதழ்களோ தம்முள் உடன்பட்டு வாய்மூடியிருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த இதழ்களில் அச்செய்தியுள்ள பக்கங்கள் வெட்டப்பட்ட பின்னரே கடைக்கு வந்தன. டிசம்பர் 3ஆம் நாள் அம்மௌனம் உடைந்தது. ஒரு வாரத்திற்குள் மன்னர் முடி துறந்தார். அந்த ஒரு வாரத்தில் மன்னரை ஆதரித்த ஏடுகளும் எதிர்த்த ஏடுகளும் ஒருசேர மக்களின் பெயரால் பேசின. முதல்நாள் வரை செய்தியே அறியாதிருந்த மக்களுக்கு மறுநாளே திண்ணிய கருத்து இருந்ததாக எழுதப்பட்டது விந்தையே.

மேட்ஜ் அப்போது 'டெய்லி மிரர்' நாளிதழின் செய்தியாளராகப் பணிபுரிந்தார். ஆதலின் அவ்விந்தையை உள்ளிருந்தே கண்டவர் எனலாம். 1937 ஜனவரி 2ஆம் நாளிட்ட 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில், நாட்டு மக்களின் உள்ளத்தை மக்களே ஆராய வேண்டும் என அவர் ஒரு மடல் எழுதினார். அதே பக்கத்தில் ஒரு கவிதையும் வெளியாகியிருந்தது. அதனை இயற்றியவர் டாம் ஹாரிசன். பசிபிக் கடலின் மலேகுலா தீவில் பழங்குடியினரிடையே வாழ்ந்து திரும்பிய பறவையியலாளர். மடலைப் படித்த ஹாரிசன் மேட்ஜைத் தேடிச் சென்றார். ஓவியரும் திரைப்பட இயக்குநருமான ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் மூன்றாமவராக இணைந்தார். 'மாஸ் அப்சர்வேஷன்' என்னும் இயக்கம் பிறந்தது; மக்கள்திரளை உற்றுநோக்கல் என அதனைத் தமிழில் கூறலாம். தொலைதூரத் தீவினரை ஆராயும் மானிடவியல் தம் வீட்டு வாயிலிலேயே தொடங்கட்டும் என்பது அவர்தம் கொள்கை. போர் நினைவுச் சின்னத்தின் முன் மனிதர் நடந்துகொள்ளும் முறை, வண்டியோட்டிகளின் கூச்சலும் கைச்சைகையும், மருத்துவச்சியரின் வாழ்க்கை என அவர்கள் அறிவித்த ஆய்வுப் பொருள்களின் பட்டியலே ஒரு புதுக்கவிதை போன்றிருந்தது.

இயக்கத்தின் இரு கிளைகள் இருவேறு வழியில் சென்றன. லண்டனின் பிளாக்ஹீத் பகுதியில் மேட்ஜின் இல்லமே ஒரு நிலையம். தன்னார்வலர் பலர் ஒவ்வொரு திங்களும் 12ஆம் நாளன்று கண்விழித்தது முதல் துயிலும் வரை நிகழ்ந்தவற்றை எழுதி அங்கு அனுப்பினர். 1937 மே 12 ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நாள். அன்று எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நூலாக்கியபோது திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சனும், பின்னர்ப் பெருங்கவிஞராகப் புகழ்பெற்ற கேத்லீன் ரெய்னும் துணைநின்றனர். ஊர்வலமும் பொன்முடியும் நாளிதழ்களுக்கு உரியனவாயின. நூலில் இடம்பெற்றவை கூட்டத்தில் நின்றவரின் கால்வலியும் பக்கத்திலிருந்தோரின் பேச்சும் ஆகும்.

ஹாரிசனின் களம் வடக்கே பஞ்சாலை நகரமான போல்ட்டன். அவருடைய குழுவினர் மதுக்கடைகளிலும் தேவாலயங்களிலும் தெருக்களிலும் அமர்ந்து, கேட்பதை விடக் காண்பதையே பெரிதும் நம்பினர். குழுவாக அமர்ந்து அருந்துவோரின் கண்ணாடிக் குவளைகளில் பீர் ஏறத்தாழ ஒரே மட்டமாகக் குறைந்துவருவதை அவர்கள் கண்டு எழுதினர். எவரும் அதனை வாய்விட்டுச் சொல்லியதில்லை, குடித்தவரே அறிந்ததுமில்லை. கவிஞர் ஸ்டீஃபன் ஸ்பெண்டரின் தம்பி ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் மேற்சட்டைக்குள் மறைத்த கேமராவால் அந்நகரைப் படம்பிடித்தார். பிறர் அறியாமல் பிறரை நோக்கும் அச்செயல் தமக்குக் கூச்சத்தைத் தந்ததெனப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். அக்கூச்சம் பொருளற்றதன்று என்பது பின்னர் விளங்கும்.

அதே 1937இல் அமெரிக்க முறையிலான கருத்துக்கணிப்பும் ஹென்றி டூரன்ட் என்பவரின் பொறுப்பில் பிரிட்டனுக்கு வந்தது. முன்னரே வகுத்த வினாவிற்கு ஆம், இல்லை, தெரியாது என்னும் விடைகளைப் பெற்று விழுக்காடு காண்பது அதன் முறை. விரைவும் எளிமையும் உடைய அதனையே நாளிதழ் விரும்பியதில் வியப்பில்லை. ஹாரிசன் அதனை முற்றாக மறுத்தாரல்லர். அது எந்தக் கருத்தை எண்ணுகிறது என்று கேட்டார். ஒருவர் முன்பின் அறியாதவரிடம் சொல்வது ஒன்று. நண்பரிடம் சொல்வது வேறு. மனைவியிடமும், தன் நெஞ்சிடமும், இறுதியாக உறக்கத்திலும் சொல்வன வேறு வேறு என 1940இல் அவர் ஒரு படிவரிசையைக் காட்டினார். வீட்டு வாயிலில் நின்று வினவுவோர்க்கு முதற்படியில் உள்ளதே கிட்டும்.

அகம் புறம் என்னும் பகுப்பில் ஊறிய தமிழ் மாணவர்க்கு இக்கருத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. மற்றோர் ஒப்புமையும் உண்டு. அகத்திணையில் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டுதல் மரபன்று. தலைவி, தோழி, செவிலி என உறவே பெயராகும். இவ்வியக்கத்தின் நாட்குறிப்பாளர்களும் பெயர் மறைத்து, தொழிலும் வயதும் மட்டுமே சுட்டப்பெற்றனர். 'இல்லத்தரசி, 49' எனக் குறிக்கப்பெற்ற ஒருவர் பாரோ என்னும் கப்பல்கட்டு நகரில் 1939இல் எழுதத் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எழுதினார். பங்கீட்டு உணவும் குண்டுவீச்சும் மகனின் பிரிவும் அதில் உள்ளன. அவற்றினூடே, போர்க்காலத் தொண்டிற்காக வீட்டைவிட்டு வெளியே வந்த பெண்ணொருத்தி, கணவரின் மனநிலைக்கேற்ப அடங்கி வாழ்ந்த பழைய வாழ்வுக்கு இனித் திரும்ப இயலாதென மெல்ல உணர்வது பதிவாகியுள்ளது. எந்தக் கருத்துக்கணிப்பாளரும் அவ்வம்மையாரிடம் அவ்வினாவைக் கேட்டிருக்க முடியாது; கேட்டிருப்பின் அவரும் சொல்லியிருக்க மாட்டார். அந்நாட்குறிப்பின் ஒரு பகுதி 1981இல் நூலான பின்னரே நெல்லா லாஸ்ட் என்னும் அவர் பெயரை உலகம் அறிந்தது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. தகவல் அமைச்சகம் செந்நிறச் சுவரொட்டிகளை நாடெங்கும் ஒட்டியது. உங்கள் துணிவும் உங்கள் மலர்ச்சியும் உங்கள் உறுதியும் 'அஸ்' வெற்றி பெறச் செய்யும் என்பது அதன் வாசகம். ஆங்கிலத்தில் அச்சொல் 'நமக்கு' எனவும் பொருள்படும், 'எங்களுக்கு' எனவும் பொருள்படும். அமைச்சகம் கருதியது முன்னதை. பொதுமக்கள் பலர் பின்னதாகவே கொண்டனர் என்பதை இயக்கத்தார் கண்டறிந்தனர்: துன்பம் உங்களுக்கு, வெற்றி ஆள்வோராகிய எங்களுக்கு! முன்னிலையாரை உளப்படுத்தும் பன்மைக்கும் உளப்படுத்தாப் பன்மைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் தமிழில் இக்குழப்பம் எழ வழியில்லை. ஆயினும் மொழியின் குறையை மட்டும் இதற்குக் காரணமாக்குதல் பொருந்தாது. ஆள்வோரைத் தம்முள் ஒருவராக மக்கள் கருதியிருந்தால் அச்சொல்லை அவர்கள் 'நாம்' என்றே படித்திருப்பர். அதே வரிசையில் அச்சிடப்பெற்ற மற்றொரு சுவரொட்டி, அமைதி காத்துத் தொடர்ந்து செல்க என்பது, ஏறத்தாழ 25 லட்சம் படிகள் அச்சாகியும் பெரும்பாலும் ஒட்டப்படாமலே கூழாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதன் படியொன்று கிடைத்த பின்னர் அது தேநீர்க் கோப்பைதோறும் ஏறி, போர்க்கால மக்களின் குரலாகவே போற்றப்படுகிறது. அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் அதனைக் கண்டதே இல்லை.

1940இல் அமைச்சகம் இயக்கத்தின் அறிக்கைகளை விலைகொடுத்து வாங்கலாயிற்று. மக்களின் மனவுறுதி எவ்வளவு என்பதை நாள்தோறும் அறிய அரசு விழைந்தது. ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைப் பயின்றோர்க்கு இவ்விழைவு புதிதன்று. எனினும், மக்கள் தம்மைத் தாமே அறிவதற்கெனத் தொடங்கிய பணி மக்களை அரசு அறிவதற்கான கருவியாயிற்று. மேட்ஜுக்கு அது வேவு பார்த்தலாகவே பட்டது. அவ்வாண்டே அவர் விலகினார். ஜென்னிங்ஸ் அதற்கு முன்பே திரைப்படத்துறைக்குத் திரும்பியிருந்தார். அமைச்சர் டஃப் கூப்பரின் கருத்தாய்வாளர்களைக் 'கூப்பரின் ஸ்னூப்பர்கள்' என எதுகை நயத்தோடு நாளிதழ்கள் எள்ளியதும் அவ்வாண்டில்தான். இத்தனை காலமும் மக்களைக் கேளாமலே மக்களுக்காகப் பேசிய நாளிதழ்கள், கேட்பதே குற்றம் என்றன.

மேட்ஜின் முடிவு நேர்மையானது. ஆனால் ஹாரிசனைக் குறைகூறுவதும் எளிதன்று. 1940 நவம்பர் 14 இரவில் கவன்ட்ரி நகரம் குண்டுவீச்சால் எரிந்தது. மறுநாளே அங்குச் சென்ற ஹாரிசன், மக்களின் அச்சத்தையும் நிலைகுலைவையும் மறைக்காது அறிக்கையிட்டார், வானொலியிலும் பேசினார். அவ்வுரை அமைச்சரவையில் சினத்தை எழுப்பியது. அஞ்சா நெஞ்சினர் என்னும் புறப்பாடலையே அரசு விரும்பியது. அரசின் பணத்தைப் பெற்றுக்கொண்டே அரசு விரும்பாததைச் சொன்னவர் என்னும் பெருமையை ஹாரிசனுக்கு மறுக்க இயலாது.

மேட்ஜின் அன்றைய துணைவியாரும் இயக்கத்தின் தொடக்கத்தில் உழைத்தவருமான கேத்லீன் ரெய்னின் முதற்கவிதைத் தொகுதி 1943இல் லண்டனில் வெளிவந்தது. அதனை வெளியிட்டவர் ஓர் ஈழத்தமிழர் என்பது இம்மலரின் வாசகர்க்கு உவகை தரும். 1938இல் இலங்கையிலிருந்து லண்டன் சென்று, மறு ஆண்டிலேயே 'பொயட்ரி லண்டன்' இதழைத் தொடங்கிய தம்பிமுத்து அவர். குண்டுகள் விழுந்த நகரில் கவிதைக்கென ஓர் ஏட்டை நடத்தியது எளிய செயலன்று. தமிழ் இலக்கிய வரலாறுகள் அவரைப் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை.

இயக்கத்தின் முறைக்கு வலுவான சான்று 1945இல் கிடைத்தது. போரில் வென்ற சர்ச்சில் தேர்தலிலும் வெல்வார் என்பதில் ஏடுகளுக்கு ஐயமில்லை. சர்ச்சிலைப் போற்றிய அதே மக்கள் போருக்குப் பின் அவர் ஆள்வதை விரும்பவில்லை என 1944இலேயே ஹாரிசன் எழுதியிருந்தார். தொழிற்கட்சி முந்துவதை டூரன்டின் கணிப்பும் காட்டியது. ஆனால் இரண்டையும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஜூலை 5இல் வாக்களிப்பு நிகழ்ந்தது. போர்முனையிலிருந்த வீரரின் வாக்குகள் வந்துசேர வேண்டியிருந்ததால் 26ஆம் நாளே முடிவு வெளியாயிற்று. 640 இடங்களில் 393 தொழிற்கட்சிக்குக் கிட்டின. அட்லி அமைத்த அந்த அரசே 1947இல் இந்தியாவின் விடுதலைக்கு உடன்பட்டது என்பதால், போல்ட்டன் மதுக்கடைகளின் முணுமுணுப்பு இந்தியர்க்கும் தொடர்பற்றதன்று.

1949இல் இயக்கம் வணிக நிறுவனமாகி, பொருள்களுக்குச் சந்தை ஆராயும் தொழிலில் இறங்கியது. அப்பகுதியை விரித்துரைப்பதால் பயனில்லை. மேட்ஜ் 1950இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே ஜென்னிங்ஸ் கிரேக்கத்தில் படப்பிடிப்பிடம் தேடிச் சென்று பாறையிலிருந்து வீழ்ந்து இறந்தார்.

ஹாரிசன் தம் இறுதிக் காலத்தில் ஓர் அரிய சோதனை செய்தார். குண்டுவீச்சுக் காலத்தில் எழுதியனுப்பிய சிலரைத் தேடிப்பிடித்து, அந்நாள்களை நினைவிலிருந்து மீண்டும் எழுதச் செய்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களே எழுதியவற்றோடு ஒப்பிட்டபோது இரண்டும் பெரிதும் மாறுபட்டன. அஞ்சியவர் அஞ்சவில்லை என்று நினைவுகூர்ந்தனர். ஏடுகளும் திரைப்படங்களும் சொல்லிய புறக்கதை அவர்தம் அகத்துள்ளும் குடியேறியிருந்தது. அச்சோதனையைக் கூறும் நூல் 1976இல் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தாய்லாந்தில் நிகழ்ந்த சாலை விபத்தில் ஹாரிசன் மறைந்தார்.

பழைய தாள்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளன. 1981இல் எழுதும் பணி அங்கே மீண்டும் தொடங்கியது. 2010 முதல் ஆண்டுதோறும் மே 12ஆம் நாளைப் பற்றி எழுதியனுப்புமாறு பொதுமக்கள் அழைக்கப்படுகின்றனர். கொரோனா முடக்கத்தின்போது, 2020 மே 12 அன்று, ஆயிரக்கணக்கானோர் வீட்டிற்குள் அமர்ந்து அந்நாளை எழுதி அனுப்பினர்.