சந்தேகத்தின் சரித்திரம்

வீடியோ விளையாட்டு ஆண்பிள்ளைகளின் சமாசாரம் என்று சொல்லுகிறவர்களுக்கு அதன் குழந்தைப் பருவம் தெரியாது. 1980-ல் ஜப்பானில் 'பாக்-மேன்' வெளிவந்தது. விளையாட்டுக் கூடங்களில் ஆண்களே நிறைந்திருப்பதைக் கண்ட தோரு இவாதானி, பெண்களும் உள்ளே வரவேண்டும் என்றே அதை உருவாக்கினார். மற்ற ஆட்டங்களில் சுடுவதுதான் வேலை, இதில் தின்பது. பெண்களுக்குத் தின்பதில் பிரியம் அதிகம் என்று அவர் எண்ணினாராம். அதுவும் ஒரு மாமூல் எண்ணந்தான். ஆனாலும் கதவைத் திறந்து வைத்தார் அல்லவா?

அமெரிக்காவில் 1978-ல் அடாரி கம்பெனியில் சேர்ந்தவர் கரோல் ஷா. விளையாட்டுகளை எழுதும் தொழிலுக்கு முதன்முதலில் வந்த பெண்களில் ஒருவர். கம்பெனித் தலைவர் அவரைக் கண்டதும், பெட்டிகளுக்கு நிறம் பொருத்த ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்து பேசினாராம். ஷாவே பிற்காலத்தில் சொன்ன விஷயம் இது. அவரோ 1982-ல் ஆக்டிவிஷன் கம்பெனிக்காக 'ரிவர் ரெய்ட்' என்ற ஆட்டத்தை எழுதினார். ஆற்றின் மேல் விமானம் பறந்து எதிரிகளைச் சுடும் ஆட்டம் அது. அமோகமாக விற்றது.

1983-ல் அமெரிக்காவில் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. மறுபடி எழுந்தபோது பொம்மைக் கடையின் வழியாக எழுந்தது. பொம்மைக் கடையில் பையன்களுக்கு ஓர் அலமாரி, பெண்களுக்கு ஓர் அலமாரி. வீடியோ விளையாட்டு பையன்கள் பக்கம் போய் உட்கார்ந்தது. விளம்பரங்களும் பையன்களையே பார்த்துப் பேசின. கடைக்காரர்கள் தங்கள் சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாட்டை, அதோடு வளர்ந்த தலைமுறை இயற்கையின் ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டது.

2011-ல் 'ட்விட்ச்' வந்தது. ஒருவர் வீட்டில் ஆடுவதை உலகமே அந்த நிமிஷத்தில் பார்க்கலாம்; பார்த்தபடியே அவருக்கு எழுதலாம். 2014-ல் அமேஸான் கம்பெனி 97 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிற்று. அதுவரை புனைபெயருக்குப் பின்னால் ஆடியவர்களுக்கு இப்போது முகமும் குரலும் வந்தன. ஆண் ஆடினால் ஆட்டத்தைப் பற்றி எழுதினார்கள். பெண் ஆடினால் அவள் உடையைப் பற்றி எழுதினார்கள். முகத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் போலி என்றார்கள். அதே 2014-ல் எழுந்த 'கேமர்கேட்' கலவரத்தில், விளையாட்டுகளை எழுதிய பெண்களும் விமரிசித்த பெண்களும் கொலை மிரட்டலுக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

இவ்வளவு வெறுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் தென் கொரியாவில் 2016-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும். கிம் ஸே-யோன் இருபது வயது நிரம்பாத பெண். 'கெகுரி' என்ற பெயரில் 'ஓவர்வாட்ச்' ஆடினாள். அவளுடைய குறி தப்பாமல் விழுந்தது. எதிர் அணி ஆட்டக்காரர்கள், இது கை செய்கிற வேலை அல்ல, கள்ள நிரல் செய்கிற வேலை என்றார்கள். பொய்யானால் ஆட்டத்தை விட்டே போகிறோம் என்று இருவர் சவால் விட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் கம்பெனி விசாரித்து, அவள் மேல் குற்றமில்லை என்றது. சவால் விட்டவர்களும் விலகினார்கள். ஆனால் சந்தேகம் விலகவில்லை. கடைசியில் அவள் காமிராவுக்கு முன்னே உட்கார்ந்து, கையும் மௌஸும் தெரிய ஆடிக் காட்ட வேண்டியிருந்தது.

குற்றம் சாட்டுகிறவன் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் முறை. இங்கே அது தலைகீழாயிற்று. அவள் ஜெயித்ததே அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று. பெண்ணுக்கு ஆட வராது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால், நன்றாக ஆடுகிற பெண் திருடியாகத்தானே இருக்க முடியும்? அந்தக் காமிராவும் அவள் ஒருத்தியைத்தான் விடுவித்தது. அடுத்து நன்றாக ஆட வரும் பெண் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2018-ல் ஷாங்காய் டிராகன்ஸ் அணி அவளைச் சேர்த்துக்கொண்டது. ஓவர்வாட்ச் லீக்கில் இடம்பெற்ற முதல் பெண் அவள்தான். அந்த வருஷம் அந்த அணி ஆடிய 40 ஆட்டங்களிலும் தோற்றது. தோல்வியைப் பெண்ணின் தலையில் கட்டலாம் என்றால், அவள் வருமுன்பே அணி தோற்றுக்கொண்டுதான் இருந்தது. கூட ஆடிய ஆண்களும் தோற்றார்கள். ஆண்களுக்கு ஆட வராது என்று அதைக் கொண்டு யாரும் முடிவு கட்டவில்லை. தோற்றவன் தன் பேரில் மட்டும் தோற்கிறான். அந்தச் சாதாரண உரிமை பெண்ணுக்கும் கிடைத்தால் போதும். அதற்கு மேல் சலுகை எதுவும் தேவையில்லை.