மெக்கட்ரேயின் மர உலகம்

இறந்தவருக்கும் பசி உண்டு என்று பண்டைய எகிப்தியர் நம்பினர். கல்லறையில் படைத்த ரொட்டியும் பீரும் ஒருநாள் தீர்ந்துவிடும். அவற்றைச் செய்கிறவர்களே உடன் இருந்தால் தீராது. அன்றாட வேலைகளைக் காட்டும் எகிப்தியச் சிற்பங்கள் இந்த எண்ணத்தில் பிறந்தவை. ஐந்தாம் வம்சக் காலத்தில் மாவரைக்கும் பெண், பீருக்குப் பிசைபவர் எனத் தனித்தனி ஆட்களைச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கினார்கள். பின்னர் கல்லின் இடத்துக்கு மரம் வந்தது. தனி ஆளுக்குப் பதில் பட்டறை முழுவதும் சிற்பமாயிற்று.

இவ்வகையில் தலைசிறந்த தொகுதி தீப்ஸ் நகரின் மேற்குக் கரையில் கிடைத்தது. கி.மு. 2000-ஐ ஒட்டி வாழ்ந்த மெக்கட்ரே, மன்னரின் தலைமைக் காரியஸ்தர். அவருடைய கல்லறை பழங்காலத்திலேயே கொள்ளை போயிருந்தது. 1920-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் வின்லாக் குழுவினர், வரைபடம் எடுப்பதற்காக அதைத் துப்புரவு செய்தபோது, கற்சில்லுகள் ஒரு பிளவுக்குள் சரிந்தன. உள்ளே திருடர் கண்ணில் படாத சிற்றறை. அதில் 24 மர மாதிரிகள். வண்ணம் மங்கவில்லை. சுமந்து வந்தவர்களின் விரல் தடங்கள்கூட அவற்றில் பதிந்திருந்தன.

ரொட்டிச் சாலையும் பீர்ச் சாலையும் ஒரே கட்டடத்தில் உள்ளன. பெண்கள் குனிந்து கல்லில் தானியம் அரைக்கிறார்கள். ஒருவர் மாவு பிசைய, இன்னொருவர் உயரமான தொட்டிக்குள் நின்று அதை மிதிக்கிறார். புளிக்கவைத்த பீர் களிமண் மூடியிட்ட ஜாடிகளில் நிற்கிறது. கூலியும் ரொட்டியும் பீருமாகவே அளக்கப்பட்ட நாடு அது. ஆகவே இந்தச் சமையலறை ஒரு பொருளாதாரத்தின் படமும் ஆகும். களஞ்சியத்தில் மூட்டை சுமப்பவர்களுக்கு அருகிலேயே கணக்கர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இறைச்சிக் கூடத்தில் மாட்டின் இரத்தமும் வீணாவதில்லை. கலத்தில் பிடித்துச் சமைக்கிறார்கள். துண்டங்கள் மேலே கயிற்றில் காய்கின்றன.

தச்சுப் பட்டறைதான் இத்தொகுதியின் உச்சம் எனலாம். நிறுத்திய கம்பத்தில் மரத்தைக் கட்டி ஒருவர் இரம்பத்தால் அறுக்கிறார். சிலர் வாய்ச்சியால் பலகை செதுக்குகிறார்கள். ஓரத்துப் பெட்டியில் மாற்றுக் கருவிகளும் உண்டு. இறந்த பின் தொடரும் வாழ்விலும் உளி மழுங்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். நெசவுக்கூடத்தில் பெண்கள் நூல் நூற்று, சுவர் முளைகளில் பாவு ஓட்டி, தரைத்தறியில் நெய்கிறார்கள்.

மாடு எண்ணும் காட்சி ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளம். மெக்கட்ரே மகனோடும் கணக்கர்களோடும் மண்டபத்தில் அமர்ந்திருக்க, புள்ளியும் பட்டையுமான மாடுகளை மேய்ப்பர்கள் கோல் வீசி ஓட்டிவருகிறார்கள்.

ஓய்வு நேரம் பெரும்பாலும் நைல் நதியில் கழிகிறது. படகின் சிறு நிழற்கூடத்தில் எசமான் தாமரை மலரை முகர்ந்தபடி இருக்கிறார். அருகில் யாழ் வாசிப்பவரும் பாடகரும். பின்தொடரும் சமையல் படகில் அப்போதும் மாவரைப்பு நடக்கிறது. ஒருவரின் இளைப்பாறல் பலரின் உழைப்பு என்பதைச் சிற்பிகள் மறைக்கவில்லை. அத்திமரங்கள் சூழ்ந்த தோட்டத்தின் குளத்துக்குச் செப்புத் தகடு பதித்ததால், அதில் உண்மையிலேயே நீர் நிற்கும்.

முகங்களில் தனி அடையாளம் குறைவு. கவனமெல்லாம் உடலின் நிலையில் இருக்கிறது: முதுகின் வளைவு, தோளின் இழுப்பு, பிடித்த கையின் இறுக்கம். வேலையைப் பல நாள் கூர்ந்து பார்த்தவரால் மட்டுமே இப்படிச் செதுக்க முடியும். மனிதக் கண் மறுபடி பாராது என்று எண்ணி அடைத்துவைத்த பொருளில் இத்தனை கவனம் செலுத்திய அந்தக் கைவினைஞர்கள், பெரிய கோயில்களைக் கட்டியவர்களுக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர்.

கி.மு. 19-ஆம் நூற்றாண்டுக்குப் பின் இவ்வழக்கம் தேய்ந்தது. அழைத்தால் வேலைக்கு எழுந்து வரும் எனக் கருதப்பட்ட ஷப்தி என்னும் சிற்றுருவங்கள் பெருகின. மெக்கட்ரேயின் மாதிரிகள் பாகம் பிரிக்கப்பட்டு, பாதி கெய்ரோவிலும் பாதி நியூயார்க்கிலும் உள்ளன.