தேயிலைக் கொழுந்தில் செல்லின் சாவும் கால்சியம் பிணைப்புப் புரதங்களும்

வண்டிப்பெரியார்த் தோட்டங்களில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கொப்புள நோய் கிளம்பும். இளங்கொழுந்தில் முதலில் எண்ணெய் பட்டதுபோல் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தெரியும். பிறகு இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைத்து, வெண்மையான வித்துப் படலம் மூடும். கவாத்துக்குப் பின் துளிர்க்கும் செடிகளுக்கே சேதம் அதிகம். எக்சோபசிடியம் வெக்சான்ஸ் என்னும் இப்பூஞ்சை 1946இல் தென்னிந்தியாவில் தலைகாட்டியது; தாமிர மருந்துத் தெளிப்பே இன்றும் முதன்மைக் காப்பு. செடியின் சொந்தக் காப்பைக் கால்சியத்தைப் பிணைக்கும் புரதங்களில் தேட வேண்டும் என்பதே என் வாதம்.

இப்பூஞ்சை உயிருள்ள செல்லில்தான் பிழைக்கும். தொற்றிய இடத்துச் செல்கள் விரைந்து செத்தால் அதற்கு உணவில்லை. ஆகவே செல்லின் சாவு இங்கே செடிக்குத் தற்காப்பு. அந்தச் சாவைத் தூண்டும் குறிகளில் முக்கியமானது கால்சியம்.

ஓய்விலுள்ள செல்லின் சைட்டோபிளாசத்தில் கால்சியம் ஏறத்தாழ 100 நானோமோலார். செல்சுவரிலும் வாக்குவோலிலும் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. வாய்க்கால்கள் திறந்ததும் அயனி உள்ளே பாயும். அதன் வரவை உணர்வது புரதம். ராபர்ட் கிரெட்சிங்கர் 1973இல் கெண்டை மீனின் தசைப் புரதத்தில் விவரித்த ஈஎஃப்-கை அமைப்பில், இரு சுருள்களுக்கு இடையே 12 அமினோ அமிலங்கள் கொண்ட வளையம் கால்சியத்தைப் பற்றுகிறது. கால்மோடுலினில் இத்தகைய கைகள் நான்கு. கால்சியம் ஏறியதும் அது விரிந்து பிற புரதங்களைப் பற்றும். உணர்வியும் கைனேஸ் நொதியும் ஒரே மூலக்கூறில் இணைந்த வகையும் தாவரங்களில் உண்டு. நிமிடங்களில் அடங்கும் கால்சிய ஏற்றம் வளர்ச்சிக்கும் சுவரை வலுப்படுத்தவும் உதவும். மணிக்கணக்கில் நீடிக்கும் ஏற்றம் சாவுக்கு இட்டுச்செல்லும். அரபிடாப்சிஸ் செடியின் ஜார்1 என்னும் எதிர்ப்புப் புரதம், நோய்க்கிருமியை உணர்ந்ததும் தானே கால்சிய வாய்க்காலாகிறது என 2021இல் தெரியவந்தது.

அப்படியானால் கால்சியத்தைக் கூட்டினால் போதுமா? கால்சியம் குளோரைடு தெளித்த தேயிலையில் கொப்புள நோய்க்கு எதிரான தற்காப்பு எழுவதைக் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர். இது நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் எந்தப் புரதம் அந்தக் கால்சியத்தைப் பிடித்தது என்பதில்தான் விளைவு அடங்கியிருக்கிறது. பார்லியில் எம்எல்ஓ என்னும் புரதத்தோடு கால்மோடுலின் சேர்ந்தால் சாம்பல் நோய்க்கு எதிரான காப்பு தளர்கிறது என்பது 2002இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. அந்தப் பூஞ்சையும் உயிருள்ள செல்லை நம்பியதே. மண்ணில் இடும் டோலமைட்டும் தீர்வாகாது: கால்சியம் நீராவிப்போக்கோடு மேலேறுவதால், மழையும் மூடுபனியும் சூழ்ந்த நாளில், நோய் பரவும் அதே வேளையில், கொழுந்துக்கு வரும் பங்கு குறைகிறது.

தேயிலையின் மரபணுத்தொகுதி 2017இல் வெளியாகிவிட்டது. உபாசி தேயிலை ஆராய்ச்சி அறக்கட்டளையின் வட்டார மையம் வண்டிப்பெரியாரிலேயே இருக்கிறது. ஒளி ஊடுருவும் புள்ளிப் பருவத்திலேயே இலையெடுத்து, நோய் தாங்கும் வகைகளிலும் தாங்காதவற்றிலும் இப்புரதங்களின் அளவை ஒப்பிட்டால் தேர்வுக்கு வழி பிறக்கும். ஒரு தடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். எம்எல்ஓ இழந்து சாம்பல் நோயைத் தாங்கும் பார்லியின் இலைகளில் நோயின்றியே சாவுப் புள்ளிகள் விழுவதுண்டு. பார்லிக்காரர் அறுப்பது கதிரை. தோட்டத்தில் பறிப்பதோ இலையை. எனவே நோய் தாங்கும் ஒவ்வொரு வகையிலும், மழையில்லாத மாதங்களில் கொழுந்து பழுதின்றி இருக்கிறதா என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.