மூங்கிற் காட்டின் நிறை: ஒரு கணக்கீட்டின் வரலாறு

1856 ஆம் ஆண்டிலே பர்மாவின் பீகூப் பகுதிக் காடுகளைப் பரிபாலிக்கும் பொறுப்பை ஏற்ற டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் செருமானியத் தாவரவியலறிஞர், அங்கு நின்ற தேக்கு மரங்களைக் கணக்கெடுத்தற்கு எளிய உபாயமொன்றைக் கைக்கொண்டார். யானைமீது அமர்ந்து காட்டினூடே செல்வார். ஒரு கையிற் சில கோல்கள், மறு கையில் ஒரு பேனாக்கத்தி. மூங்கிற் புதர்களினிடையே தேக்கொன்று கண்ணிற்படுந்தோறும் அதன் பருமனுக்குரிய கோலில் ஒரு வெட்டுக்குறி இடுவார். மாலையில் அக்குறிகளை எண்ணினால் அன்று கடந்த வழியின் தேக்குக் கணக்குக் கிடைத்துவிடும். பிற்காலத்தில் இந்தியா முழுவதற்கும் காட்டுத் தலைமை அதிகாரியாக விளங்கியவர் அவரே. ஆயினும், அவர் பார்வையை மறைத்து நின்ற மூங்கில் அக்கோல்களிற் குறிக்கப்படவில்லை. தேக்குக் கப்பல் கட்ட உதவியது. மூங்கிலோ வெட்டி வழிசமைத்துச் செல்லவேண்டிய தடையாக மட்டுமே கருதப்பட்டது.

அம் மூங்கிலையே தொன் கணக்கில் மதிப்பிட்டு ஆலைகளுக்கு உரிமையாக்கும் காலம் பின்னர் வந்தது. ஓரிடத்தில் வளர்ந்து நிற்கும் தாவரப் பொருளின் மொத்தத் திணிவை, அஃதாவது உயிர்த்திணிவை, வெட்டாமலே கணித்தறியும் முயற்சி மூங்கிலைப் பொறுத்தவரை எங்ஙனம் தொடங்கிற்று, எங்ஙனம் பிழைத்தது, அப்பிழையினால் யாவர் இழப்புற்றனர் என்பன ஈண்டு ஆராயப்படும்.

மூங்கில் மரமன்று, புல்லினத்தது. மரமானது ஆண்டுதோறும் பருத்துச் செல்லும். ஆதலின் அதன் சுற்றளவு ஓரளவுக்கேனும் அதன் வயதையும் நிறையையும் கூறும். மூங்கிற் கழையோ நிலத்தைப் பிளந்து வெளிப்படும்போதே தன் முழுப் பருமனையும் கொண்டு வெளிப்படுகின்றது. சில மாதங்களுள் முழு உயரத்தையும் எய்திவிடுகின்றது. அதன்பின் அது பருப்பதுமில்லை, உயர்வதுமில்லை. உள்ளே இழையங்கள் தடித்துக் கடினமாகி நிறை ஏறுவது மட்டுமே நிகழ்கின்றது. எனவே ஒரே பருமனுள்ள இரு கழைகளுள் ஒன்று ஈரலிப்பு மிக்க இளங்கழையாகவும் மற்றையது முதிர்ந்து கனத்ததாகவும் இருத்தல் கூடும். உட்டுளை மற்றொரு சிக்கல். வறண்ட நிலத்துக் கல்மூங்கில் ஏறக்குறையத் துளையின்றியே வளரும். முள்மூங்கிலோ பெருந்துளை உடையது. வெளிவிட்டத்தை மட்டும் அளந்தவர் அகத்தே எவ்வளவு வெறுமை உண்டென்பதை அறியார். இவற்றுக்கெல்லாம் மேலாக, நிலத்தின்கீழ் ஒரு புதரின் கழைகளையெல்லாம் பிணைத்து நிற்கும் வேர்த்தண்டுக்கிழங்கே மூங்கிலின் உயிர்நிலை. அதனைத் தோண்டி நிறுப்பவர் அரியர்.

மூங்கிலின் அளவைப் பற்றிய அக்கறையைத் தூண்டியது கடதாசித் தொழிலே. இங்கிலாந்தின் கடதாசி உற்பத்தியாளர் தோமஸ் றௌட்லெட்ஜ், எசுப்பாட்டோப் புல்லைக் கந்தைத் துணிக்குப் பதிலாகப் பயன்படுத்தி வெற்றி கண்டவர், 1875 இல் மூங்கிலைக் கடதாசிக்குரிய மூலப்பொருளாகப் பரிந்துரைத்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்நூல் மூங்கிற் கடதாசியிலேயே அச்சிடப்பட்டது. இளங்கழைகளை வயற்பயிர்போல் அறுத்தெடுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கணக்கு அழகாகவே அமைந்தது. ஆனால் இளங்கழைகளே அடுத்த ஆண்டுக் குருத்துக்களுக்கு உணவூட்டுவன. அவற்றைத் தொடர்ந்து அறுத்தால் புதர் நலிந்து அழியும். புல் என்னும் வகுப்புப் பெயர் அறிஞரையும் வழிதவறச் செய்தமைக்கு இஃதொரு சான்று.

1896 இல் கம்பிள் என்பார் பிரித்தானிய இந்திய மூங்கிலினங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டமையால் இனங்களைப் பிரித்தறிதல் எளிதாயிற்று. டேராடூனில் 1906 இல் காட்டாராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே வில்லியம் றெயிற் முதிர்ந்த கழையிலிருந்து கூழ் ஆக்கும் முறையை ஆராய்ந்தார். பியர்சன் எங்கு எவ்வளவு மூங்கில் கிடைக்கும், அதனை ஆலைக்குக் கொண்டுசேர்க்க என்ன செலவாகும் என்பவற்றை ஆராய்ந்தார். இருவர் அறிக்கைகளும் 1912 இல் வெளிவந்தன. 1925 இல் மூங்கிற் கடதாசிக் கைத்தொழிற் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அது முதல் மூங்கிற் காட்டின் நிறை, அரசாங்கத்தாரும் ஆலையுடையாரும் அறிய விரும்பும் எண்ணாயிற்று.

அவ்வெண்ணைப் பெறும் முறை எளிது. காட்டின் சில பகுதிகளில் மாதிரித் துண்டுகளை வகுத்து, புதர்களை எண்ணி, ஒரு புதரின் கழைகளை எண்ணி, சில கழைகளை வெட்டி நிறுத்து, வந்தவற்றைக் காட்டின் பரப்பாற் பெருக்குவர். ஓர் உதாரணம் கொள்வோம். ஏக்கருக்கு 40 புதர், புதருக்கு 15 கழை, கழைக்கு 10 இறாத்தல் எனின் ஏக்கருக்கு 6,000 இறாத்தல், அஃதாவது ஏறக்குறைய 2.7 தொன். மூன்று எண்களும் காற்பங்கு மட்டும் மிகையாகக் கொள்ளப்பட்டனவாயின் விடை 5.2 தொன்னுக்கு மேலாகிவிடும். காற்பங்குப் பிழை மூன்று ஒன்றையொன்று பெருக்கி ஏறத்தாழ இருமடங்காகின்றன. இதன்மேற் பரப்பும் தவறினால் என்னாகும்? காட்டு வரைபடத்தில் மூங்கிற் காடு எனத் தீட்டப்பட்ட இடமெல்லாம் மூங்கில் நிற்பதில்லை. பாறையும் ஓடையும் வெட்டவெளியும் அத்தீட்டினுள் அடங்கும். ஆற்றங்கரையிற் செழித்த புதரை அளந்து மலைச்சரிவின் மெலிந்த புதருக்கும் அதே நிறையை ஏற்றுதலும் உண்டு. பச்சை நிறையோ உலர் நிறையோ என்று குறியாமல் எழுதப்பட்ட தொன் கணக்கு, ஏறக்குறையப் பாதி நீரைக் கணக்கெடுத்ததாகவும் முடியலாம்.

நிற்கும் நிறையையும் ஆண்டு விளைவையும் ஒன்றாகக் கொள்ளுதல் இவற்றினும் பெரும் பிழை. முதல் ஓராண்டுக் கழைகளை விட்டுவைத்து, முதிர்ந்தவற்றிலும் ஒரு பகுதியைத் தாங்குகோலாக நிறுத்தி, மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வெட்டுதலே காட்டு விதி. ஆதலால் நிற்பதில் ஒரு சிறு பகுதியே ஆண்டுதோறும் எடுக்கத்தக்கது. அதுவும் மூங்கில் பூக்குமளவும். இந்தியாவின் மேற்குக் கரையில் முள்மூங்கில் 1804, 1836, 1868 ஆகிய ஆண்டுகளில், 32 ஆண்டு இடைவெளியில், திரளாகப் பூத்ததைப் பழைய பதிவுகள் காட்டுகின்றன. பூத்த மூங்கில் காய்த்து மடியும். பறம்பு மலையின் உழவரிடாத விளைபொருள் நான்கனுள் மூங்கில்நெல்லை முதலில் வைத்துப் பாடினார் கபிலர். அவ்விளைவு வந்த ஆண்டில் அப்புதர்களின் ஆயுள் முடிந்திருக்கும் என்பதை மலைவாழ்நர் அறிவர். மிசோரம் மலைகளில் வேறோர் இன மூங்கில் 1911–12, 1958–59, 2006–08 ஆகிய காலங்களிற் பூத்தபோது எலிகள் பெருகிப் பயிரையழிக்க, பஞ்சமும் உண்டாயிற்று. எத்துணை நுட்பமாக நிறுக்கப்பட்ட காடாயினும் பூப்புக்காலம் வந்தபின் அந்நிறை பழங்கதையே.

இந்தியா சுதந்திரமடைந்தபின் நிறுவப்பட்ட பெரிய ஆலைகள் இத்தகைய மதிப்பீடுகளையே அடித்தளமாகக் கொண்டன. வட கன்னடத்துத் தாண்டேலியில் மேற்குக்கரைக் கடதாசி ஆலை ஐம்பதுகளில் எழுந்தது. கேரளத்தில், கோழிக்கோட்டுக்கு அண்மையிலுள்ள மாவூரில் அமையவிருந்த குவாலியர் றேயன் ஆலைக்கு மூங்கிலைத் தொன்னுக்கு ஒரு ரூபாவாக வழங்க 1958 இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இருப்பு வற்றாதது என்று நம்புவோரே அத்தகைய விலை கூறுதல் கூடும். பொருளின் அளவு மிகைப்படுத்தப்பட்டபோது அதன் விலை தாழ்ந்தது. விலை தாழ்ந்தபோது சிக்கனம் பேண ஆலைக்குக் காரணமில்லாது போயிற்று.

கர்நாடகத்தில் மேதர் என்னும் கூடைமுடையும் மக்கள் தலைமுறை தலைமுறையாக மூங்கிலைக் கொண்டே வாழ்ந்து வந்தவர்கள். ஆலை அற்ப விலைக்குப் பெற்ற கழையை அவர்கள் சந்தையிற் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. நாளடைவில் வாங்கவும் கழை அரிதாயிற்று. அவர்களது முறைப்பாட்டின் பயனாக, 1970 களின் நடுப்பகுதியில், மாதவ் காட்கிலும் அவருடன் பணியாற்றிய பிரசாத்தும் மாநிலத்தின் மூங்கில் வளத்தை ஆராயத் தலைப்பட்டனர். அவர்தம் அறிக்கை 1981 இல் வெளிவந்தது. காட்டில் நேரே எண்ணிப் பார்த்தபோது, வனத் திணைக்களத்தின் ஏடுகளில் இருந்த மூங்கில் காட்டில் இருந்ததைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது தெரியவந்தது. ஏட்டு மூங்கிலை நம்பியே ஆலை பெருத்தது. அண்மைக் காடுகள் வெறுமையானபின் அது தொலைவிலுள்ள காடுகளை நாடிற்று.

அவ்வாராய்ச்சியின் மற்றொரு முடிவு இன்னும் சிந்திக்கத்தக்கது. முள்மூங்கிற் புதரின் அடியைச் சுற்றி முட்கிளைகள் வேலிபோற் பின்னிக் கிடக்கும். நெருக்கத்தைக் குறைத்தால் புதர் செழிக்கும் என்று கருதிய வனத் திணைக்களத்தார் அவற்றை வெட்டி நீக்குவித்தனர். ஊர்மக்களோ அது தவறு, முள் போனால் குருத்தும் போகும் என்றனர். ஆராய்ந்து பார்க்கையில் மக்கள் கூற்றே மெய்யாயிற்று: வேலி நீங்கிய புதர்களில் எழுந்த இளங்குருத்துக்களை மாடுகளும் முள்ளம்பன்றி முதலிய விலங்குகளும் தின்று தீர்த்தன. பழைய கணக்கில் புதர் உண்டு, கழை உண்டு, நிறை உண்டு, முள்ளுக்கு இடமில்லை. விற்கத்தகாத பகுதி எண்ணத்தகாததாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டின் நிறையைத் தீர்மானித்தது அப்பகுதியே.

விஞ்ஞான முறை இதற்கிடையே திருந்தியே வந்தது. உடலின் ஓருறுப்பின் வளர்ச்சிக்கும் முழு உடலின் வளர்ச்சிக்கும் உள்ள விகிதத் தொடர்பை ஆராய்ந்த யூலியன் ஹக்சிலியும் தெசியேயும் 1936 இல் அதற்கு அலோமெத்திரி என்று பெயரிட்டனர். காட்டியலறிஞர் அதனைத் தாவரங்களுக்கு ஏற்றினர். பல பருமனிலும் வயதிலும் கழைகளைத் தெரிந்து வெட்டி, தண்டு, கிளை, இலை எனப் பிரித்து நிறுத்து, ஒவ்வொன்றிலும் சிறு பகுதியைச் சூளையில் நிறை மாறாநிலை வரை உலர்த்துவர். பின், விட்டத்தின் மடக்கைக்கும் உலர் நிறையின் மடக்கைக்கும் உள்ள நேர்கோட்டுத் தொடர்பைக் காண்பர். அதன்பின் வெட்டவேண்டுவதில்லை, நிற்கும் கழையின் விட்டத்தை அளந்தாற் போதும். இங்கும் ஒரு நுட்பமுண்டு. மடக்கையிலிருந்து நிறைக்கு மீளும்போது விடை சற்றுக் குறைந்தே வரும். அதற்குரிய திருத்தத்தை 1972 இல் பாஸ்கவில் விளக்கினார். பழையோர் கணக்கு மிகையாற் பிழைத்தது, புதியோர் கணக்கு குறையாற் பிழைக்கக்கூடியது.

தமிழ்நாட்டின் கள்ளிப்பட்டியில் நட்டு வளர்த்த முள்மூங்கிலைச் சண்முகவேலும் பிரான்சிசும் இவ்வகையில் ஆராய்ந்து 1990 களில் முடிவுகளை வெளியிட்டனர். ஆறாண்டுத் தோட்டத்தில் நிலத்தின் மேலுள்ள உயிர்த்திணிவு ஹெக்டேயருக்கு 280 தொன்னைக் கடந்திருந்தது. நீரும் எருவும் பெற்ற தோட்டத்துக்கு இது பொருந்தும். அவ்வெண்ணை எடுத்து வறண்ட மலைச்சரிவுக் காட்டின் பரப்பாற் பெருக்குபவர் பழைய பிழையைப் புதிய கருவிகொண்டு செய்பவராவர்.

2017 இல் இந்தியக் காட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டிற்குப் புறத்தே வளரும் மூங்கில் மரம் என்னும் வரைவிலக்கணத்திலிருந்து நீக்கப்பட்டது. தாவரவியலார் நெடுங்காலமாகக் கூறிவந்ததைச் சட்டம் ஒருபாதி ஏற்றுக்கொண்டது. இந்திய வன அளவைத் திணைக்களம் ஈராண்டுக்கொரு முறை வெளியிடும் அறிக்கைகளில் மூங்கிலும் இடம்பெறுகின்றது. 2019 ஆம் ஆண்டறிக்கை மூங்கிலின் மொத்தப் பச்சை நிறையை 278 மில்லியன் தொன் என்றது. 2021 ஆம் ஆண்டறிக்கை 402 மில்லியன் தொன் என்றது. அதே ஈராண்டில் மூங்கில் வளரும் பரப்பு 10,594 சதுர கிலோமீற்றர் குறைந்ததாகவும் பின்னைய அறிக்கை கூறுகின்றது. பரப்புச் சுருங்க நிறை ஏறுதல் இயலாததன்று. எனினும் எண்ணிய முறையையும் மாதிரித் துண்டுகளையும் ஒப்புநோக்காது, 124 மில்லியன் தொன்னும் காட்டிலே புதிதாக முளைத்தவை என்று கொள்வது பியர்சன் காலத்தவர்க்கும் ஏற்புடைத்தாகாது. மேலும் அது பச்சை நிறை. அதில் ஏறக்குறையப் பாதி நீர்.